இரண்டிலிருந்து நாலு வரை

மணி இரண்டே கால். குஞ்சிதபாதம் கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவரைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் மனைவி லோகாம்பாள் நிஜமாகவே தூங்கினாள். அவளுக்கென்ன, சாப்பிட்டுக் கை கழுவியதும் காது மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டால் சாயங்காலம் வரைக்கும் உலகத்தில் ஒரு சத்தமும் கிடையாது. அவருக்குத்தான் பாம்புக் காது. எழுபத்து நாலு வயதில் காதில் ஒரு குறை இல்லை, இப்போதெல்லாம் அதுவே பெரிய குறையாகிவிட்டது. மேலே ஃபேன் சுற்றுக்கு ஒருதரம் கிறீச்சிட்டது. வெளியே மலைப்பக்கமிருந்து ஒரு மயில் அகவி ஓய்ந்தது. அதற்கெல்லாம் அடியில், அறுபடாமல், கீ என்று ஒரு மெல்லிய சத்தம். பீரோவின் இரண்டாவது தட்டு, இடது மூலை, கைக்குட்டைக்குள். பத்தொன்பது நாளாக இதே கதை. காலையில் கேட்காது, ராத்திரியில் கேட்காது. மத்தியானம் இரண்டு மணி ஆகி ஊர் அடங்கியதும் ஆரம்பித்துவிடும். நாலு மணிக்குக் குடியிருப்போர் சங்கத்து வக்கீல் நஞ்சப்பன் சங்க ஆபீசுக்கு வருகிறார். ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் நகல் தலையணைக்கு அடியில் இருந்தது, எடுத்துப் பார்க்கவே வேண்டாம், மனப்பாடம். ‘நான் இரண்டு முறை ஹாரன் அடித்தேன். திருமதி சௌந்தரவல்லி காது மிஷின் போட்டிருக்கவில்லை. அதனால் சத்தம் கேட்காமல் வண்டிக்குக் குறுக்கே வந்துவிட்டார்.’ மூன்று வாக்கியம். மூன்றும் பொய். இரண்டாவது பொய்தான் பீரோவுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தது.

குறுக்கே வந்துவிட்டார். அந்த வார்த்தை வக்கீலுடையது இல்லை, தன்னுடையதுதான் என்று அவருக்குத் தோன்றியது. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து எத்தனை ஃபைலில் எழுதியிருப்பார். பாதசாரி குறுக்கே வந்துவிட்டார். சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டார். ஒருதரம் பால் கறக்கப் போன கிழவர் ஒருவர், ரோட்டோரம் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தவர், அவரும் குறுக்கே வந்துவிட்டார். குமாஸ்தா ஒருவன் கேட்டான், சார், நின்னுக்கிட்டிருந்தவரு எப்படி சார் வந்தாருன்னு எழுதறது. எழுதுய்யா என்றார். அந்தக் கிழவர் பெயர் என்ன? ம-வில் ஆரம்பிக்கும். மருதையா, மாணிக்கமா. ஞாபகம் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். இங்கே அந்திச்சோலைக்குக் குடிவந்த பிறகும் அந்த மூளை ஓயவில்லை. அறுபது தாண்டியவர்களுக்கென்றே கோயமுத்தூருக்கு வெளியே கட்டின நூற்றிருபது வீடு, கோயில், ஆஸ்பத்திரி வார்டு, மெஸ், மூன்று பேட்டரி வண்டி. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்காகச் செய்த வண்டிகள் அவை. இங்கே கோல்ஃபும் கிடையாது மைதானமும் கிடையாது, முழங்கால் வலிதான். வந்த வருஷமே அவரைச் சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஆனதும் முதல் வேலையாக ஒரு பத்திரம் எழுதினார். பேட்டரி வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் அவரவர் பொறுப்பு, நேரும் எதற்கும் சங்கம் பொறுப்பல்ல. நூற்றிருபது வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள், சௌந்தரவல்லி டீச்சரும் போட்டாள். கணக்கு டீச்சர் இல்லையா, படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள், ஏறாம இறங்காம சும்மா நடந்து போறவங்களுக்கு? எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். இப்போது டீச்சரின் மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பியிருக்கும் நோட்டீஸ் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது.

அப்புறம் அந்தத் தீர்மானம். அதை நினைக்காமல் ஒரு மத்தியானம் போகுமா. பேட்டரி வண்டி சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிறது, பேய் மாதிரி இருக்கிறது என்று பெண்கள் புகார் சொன்னார்கள், ஹாரன் வைத்தார்கள். ஹாரன் மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஆண்கள் புகார் சொன்னார்கள். ஒரு மாதம் சண்டை. கடைசியில் குஞ்சிதபாதம் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, இரண்டிலிருந்து நாலு வரை ஹாரன் வயரைக் கழற்றிவிடுவது, அந்த நேரத்தில் வண்டியும் ஓடக் கூடாது என்று முன்மொழிந்தார். கைதட்டல். டிரைவர் ஆறுச்சாமி தினம் இரண்டு மணிக்கு சீட்டைத் தூக்கி மூன்று வண்டியிலும் வயரைப் பிடுங்குவான், நாலு மணிக்குச் சொருகுவான். சாவியை மட்டும் சீட்டுக்கு அடியிலேயே விட்டு வைப்பான், அவசரம் ஆபத்தென்றால் யாராவது எடுக்கட்டும் என்று. நாளாக ஆக அந்த இரண்டு மணி நேரம் சாமி காரியம் மாதிரி ஆகிவிட்டது. யாரும் கதவைச் சாத்துவதில்லை, சும்மா வைப்பார்கள். மிக்ஸி கிடையாது. இருமல் வந்தால் தலையணையில் வாயை வைத்து இருமுவார்கள். காக்கைகூட இங்கே மெதுவாகக் கத்துகிறது என்று லோகாம்பாள் சொன்னாள், மிஷின் போடாமல் சொன்னாளோ என்னவோ. மயிலுக்கு மட்டும் தீர்மானம் செல்லாது. அந்த அமைதி நன்றாகத்தான் இருந்தது முதலில். இப்போது படுத்துக்கொண்டு கேட்டால், நூற்றிருபது வீட்டில் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை என்று தோன்றியது. எல்லோரும் எதற்கோ காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். எதற்கு? அதோ, வாசலில், கல் பதித்த பாதையில் சருகு நெரிகிறது. ரப்பர் சக்கரம் மெதுவாக உருளுகிற சத்தம். மூன்றாம் நம்பர் வண்டி. மூன்றாம் நம்பரை ஷெட்டில் சங்கிலி போட்டுப் பூட்டி, பேட்டரியைக்கூடக் கழற்றியாகிவிட்டது. அது எப்படி வரும். வராது. காற்றுதான். காற்றில் சருகு ஒருசீராக நகராது. எழுந்து ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதனால்தான் அவர் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கும் இரண்டே கால்தான். லோகாம்பாளின் மிஷினில் செல் தீர்ந்துபோயிற்று, சாயங்காலம் பேத்தி வீடியோவில் வருவாள், கேட் பக்கத்து மருந்துக் கடையில் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தார். நடந்திருக்கலாம். வெயில். செயலாளர் எடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று மூன்றாம் நம்பரை எடுத்தார். திரும்பி வரும்போது, சட்டைப் பையில் ஆறு செல் அட்டை, நாகலிங்க மரத்து வளைவு. டீச்சர் இடது ஓரமாகக் குனிந்து, விழுந்த பூவைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. முதுகும் வெள்ளைக் கொண்டையும் காதில் வேர்க்கடலை அளவுக்கு மிஷினும். தெரிந்ததே, தூரத்திலேயே தெரிந்ததே! கட்டை விரல் ஹாரனை அமுக்கியது. சத்தம் இல்லை. வயர் இல்லை என்று விரலுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். சரி, கத்தியிருக்கலாம். அவர் பத்தொன்பது நாளாக வந்து வந்து முட்டிக்கொள்கிற இடம் இதுதான். கத்தியிருக்கலாம். டீச்சர், ஓரம், இவ்வளவுதான், இரண்டு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. வந்து நின்றது. ஏன் நின்றது? மணி இரண்டே கால், தூங்குகிற நேரம், கத்தினால் எல்லோரும் எழுந்துகொள்வார்கள் என்று நின்றது. இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது. ஒரு மனுஷியின் மேல் வண்டியை ஏற்றப் போகிறவன் அக்கம்பக்கத்துத் தூக்கத்துக்காக வாயை மூடிக்கொண்டான் என்றால் எந்த ஜட்ஜ் நம்புவார். உதடு மட்டும் அசைந்தது, கால் பிரேக்குக்குப் போகப் பிந்திவிட்டது. அவள் திரும்பினாள். நிமிர்ந்தாள். வண்டி அவள் இடுப்பில் மெதுவாக, மிக மெதுவாக இடித்தது, பூவெல்லாம் சிதறியது, அவளும் சத்தம் போடவில்லை. அவர் இறங்கி ஓடிப் பக்கத்தில் குனிந்தபோது முகமெல்லாம் வெளுத்துப்போய்க் கிசுகிசுவென்று சொன்னாள், யாரையும் எழுப்பாதீங்க சார். அவரும் கிசுகிசுவென்றே, டீச்சர், இதோ ஆறுச்சாமியைக் கூட்டிட்டு வர்றேன் என்றார். நாகலிங்க மரத்தடியில் இரண்டு கிழங்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்ததை யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்.

மிஷின் கல்லின் மேல் கிடந்தது. மிதிபட்டுவிடக் கூடாதே என்றுதான் எடுத்தார், சத்தியமாக அதற்குத்தான். பையில் போட்டார், செல் அட்டையோடு. ராத்திரி ஆஸ்பத்திரி வார்டில், இடுப்பு எலும்பு போச்சு என்று படம் எடுத்துச் சொல்லிவிட்டு, நர்ஸ் எஸ்தர், மிஷின் போடலை போலிருக்கு, அதான் கேக்கலை என்று யாரிடமோ சொன்னாள். அவர் கை பைக்குப் போயிற்று. அப்போது கொடுத்திருக்கலாம். இந்தாம்மா, கீழே கிடந்தது. அங்கேயும் தொண்டையில் நின்றது. முதல் நாள் கொடுக்காததை இரண்டாம் நாள் எப்படிக் கொடுப்பது, இரண்டாம் நாள் கொடுக்காததை நஞ்சப்பன் தாளில் எழுதின பிறகு எப்படிக் கொடுப்பது. நஞ்சப்பன் போனில் பேசினார், சார், இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா யாருக்கும் சேதாரமில்லைங்க, போடலைன்னா வண்டி ஓடக் கூடாத நேரத்துல ஓட்டுனது நீங்க, சங்கம் உங்க பின்னால நிக்காது, போலீசு கேசுன்னு தனியா நிக்கோணும். யாருக்கும் சேதாரமில்லை. டீச்சர் கட்டிலில் படுத்துக்கொண்டு, மிஷின் என் காதுலதான் இருந்துச்சு என்று தினம் சொல்கிறாளாம். இல்லம்மா, இருந்தா எங்க போச்சு என்று தினம் கேட்கிறார்களாம். இருந்துச்சு, இருந்துச்சு என்று சொல்லிச் சொல்லி, கிழவிக்கு மூளை தடுமாறுகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பரீட்சை வைத்தார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். மளமளவென்று இறங்கி வந்து, மீதி ரெண்டு, இதை யார்கிட்ட குடுக்கறது என்றாளாம். டாக்டர் அதையும் தடுமாற்றம் என்று எழுதிக்கொண்டார். நாளைக் காலையில் அவளை மறதி வார்டுக்கு மாற்றுகிறார்கள். அங்கே தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

இன்று சாப்பிடும்போது லோகாம்பாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், பாவங்க டீச்சர், இப்ப என்னமோ நம்ம வீட்டு ஃபேன் கிறீச்சுகிறீச்சுன்னு அவங்க காதுல கேக்குதாம், எண்ணெய் விடச் சொல்லுங்கன்னு எஸ்தர்கிட்டச் சொன்னாங்களாம். ரசம் அவர் புறங்கையில் சிந்தியது. வார்டு அந்தக் கோடி, வீடு இந்தக் கோடி. போன வருஷம் டீச்சர் கொலுவுக்கு வந்திருந்தாளே, அப்போது கேட்டிருப்பாள். கொலு கூடத்தில், ஃபேன் படுக்கையறையில். அப்போது ஃபேன் கிறீச்சிடவும் இல்லை, இந்தப் பங்குனி வெயிலில்தான் ஆரம்பித்தது. லோகாம்பாள் இன்னொன்றும் சொன்னாள், ஆறு செல்லுல மூணு நான் போட்டேன், மூணு இருக்கணும், ஒண்ணுதான் இருக்கு, நீங்க எடுத்தீங்களா? நான் எதுக்கு எடுக்கறேன் என்று சீறினார். சீறிவிட்டு, அவள் கை கழுவப் போன நேரத்தில் பீரோவைத் திறந்தார். ஒரு வாரம் பத்து நாளில் தீர்ந்திருக்க வேண்டிய செல். அது எப்படி இன்னும் கத்துகிறது என்று ஒருநாளும் ஏன் யோசிக்கவில்லை. தட்டின் உள்விளிம்பில், ஆணி அகலத்துக்கு, ஆரஞ்சு நிறத்தில் சின்ன ஸ்டிக்கர் இரண்டு ஒட்டியிருந்தன. புதுச் செல்லைப் போடுமுன் உரிக்கிற ஸ்டிக்கர். வரிசையாக, ஒன்றன் கீழ் ஒன்றாக. அவர் ஃபைலில் பின் குத்துகிற மாதிரி அத்தனை நேராக ஒட்ட இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. எப்போது? அவருக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. மறதி வார்டு யாருக்கு என்று யாரோ கேட்டது போலிருந்தது.

அணைந்துபோன மிஷின் என்றால் வெறும் பிளாஸ்டிக். இது அணையவில்லை. பத்தொன்பது நாளாக உயிரோடு இருக்கிற ஒரு காது அந்தப் பீரோவில் இருக்கிறது. ஃபேனைக் கேட்டது. லோகாம்பாளின் குறட்டையைக் கேட்டது. நஞ்சப்பனிடம் அவர் சரிங்க, சரிங்க என்றதைக் கேட்டது. போன செவ்வாய்க்கிழமை, ஏரியில் போட்டுவிடலாமா என்று நினைத்தாரே, வாய்விட்டுச் சொன்னாரா, மனசுக்குள்ளேயா? வாய்விட்டுச் சொல்லியிருந்தால் டீச்சருக்கு அதுவும் தெரியும். கட்டிலில் நகர முடியாமல் படுத்துக்கொண்டு, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, அவர் வீட்டை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குஞ்சிதபாதம் மூச்சை அடக்கினார். பீரோவிலும் சத்தம் நின்றது. அவர் விட்டதும் அதுவும் கீ என்றது. மறுபடி அடக்கினார். நின்றது. தற்செயல்தான். துணி பொத்தியிருந்தால் கத்தும், விலகினால் நிற்கும், லோகாம்பாள் மிஷினும் அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொன்னவர், எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து கைக்குட்டையோடு அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். உடம்புச் சூடு இருந்தது அதற்கு. அவருக்கு அழுகை வந்தது. ஏன் என்றும் தெரிந்தது. மருதையா. பீடி பற்றவைத்த கிழவரின் பெயர் மருதையா. நின்றுகொண்டிருந்தார், வரவில்லை.

மூன்றே முக்காலுக்கு ஆறுச்சாமி ஒன்றாம் நம்பர் வண்டியோடு வாசலில் நின்றான். நாலுக்கு முன்னால் வண்டி ஓடக் கூடாதுதான், ஆனால் செயலாளரை ஆபீசுக்குக் கூட்டிவரச் சொல்லி வக்கீல் உத்தரவாம். ஐம்பது வயசுக்காரன், இத்தனை நாளில் இந்த விஷயத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, கழற்றின வயரைச் சுருட்டி எப்போதும் போல ஸ்டியரிங்கில் தொங்கவிட்டிருந்தான். தலையணை அடியிலிருந்த தாள் சட்டைப் பையில், மூடின கை மடியில், அப்படியே ஏறி உட்கார்ந்தார். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. திரை போட்ட ஜன்னல், திரை போட்ட ஜன்னல், திரை போட்ட ஜன்னல். கொஞ்ச தூரம் போனதும் ஆறுச்சாமி காதைச் சொறிந்தான். பின்னால் திரும்பிப் பார்த்தான். சார், என்னமோ கீங்குதுங்களே, உங்களுக்குக் கேக்குதுங்களா? குஞ்சிதபாதத்துக்கு ஒரு பெரிய நிம்மதி. தனக்கு மட்டும் கேட்கிற சத்தமில்லை. என்ன சத்தம் ஆறுச்சாமி? அவன் வண்டியை மெதுவாக்கினான். டீச்சரம்மா மிஷினு இப்படித்தானுங்க கத்தும், வண்டில ஏறி முக்காட்டை இழுத்துப் போட்டாங்கன்னா உடனே கீன்னு கத்தும், என்று சொல்லிவிட்டு அவர் மூடின கையையே பார்த்தான். முன்பக்கம் திரும்பிக்கொண்டான். நாகலிங்க மரத்து வளைவு வந்தது. யாருமில்லை. கல்லில் பூ விழுந்து கிடந்தது, அவ்வளவுதான். இடது ஓரம் வெறும் வெயில். குஞ்சிதபாதம் கையைத் திறந்தார், கத்தல் நின்றது, அந்த வெறும் வெயிலைப் பார்த்து, தொண்டை கிழிய, டீச்சர்! ஓரம்! வண்டி வருது, ஓரம் போங்க! என்று கத்தினார். அவருக்கே அது தன் குரலாகத் தெரியவில்லை. மயில்கள் அலறின. ஒரு திரை விலகியது, பத்துத் திரை விலகியது, மேல்வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. யாரோ, என்னாச்சு, என்னாச்சு என்றார்கள். அவர், ஆபீஸ் வேண்டாம் ஆறுச்சாமி, வார்டுக்குப் போ, வயரைச் சொருகி ஹாரன் அடிச்சுக்கிட்டே போ என்றார். மணி நாலாகலீங்களே சார், ரூலு நீங்க போட்டதுங்களே. நான்தான் போட்டேன், நான்தான் சொல்றேன், அடி. ஆறுச்சாமி இறங்கிச் சீட்டைத் தூக்கினான்.

வார்டு வாசலில் எஸ்தர் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். நல்லவேளை சார், யாராவது வாங்க, டீச்சரைப் பிடிங்க, இடுப்பு அசையவே கூடாது, இப்பத்தான் திடீர்னு, வண்டி வருது நான் ஓரம் போறேன்னு கட்டில் விளிம்புக்கு நகர்ந்துட்டாங்க. ஹாரன் ஏதும் அவங்களுக்குக் கேக்காதே சார், காதுலதான் ஒண்ணுமில்லையே. குஞ்சிதபாதம் கையை நீட்டிக் காட்டினார். எஸ்தர் மிஷினைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். எழுதிக்கம்மா, தேதி போட்டு எழுதிக்க, என்றார், டாக்டர் எழுதின அதே நோட்டுல எழுது, வண்டி ஓட்டினது நான், ஹாரன் அடிக்கலை, கத்தவும் இல்லை, மிஷின் அவங்க காதுலதான் இருந்துச்சு, அவங்க குறுக்கே வரலை. பையிலிருந்த தாளை எடுத்து அதன் பின்பக்கத்தில் அதையே தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஆபீசிலிருந்து நஞ்சப்பன் போன் அடித்தார், ஆறுச்சாமி எடுத்து, சார் இங்க இருக்காருங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். கட்டிலில் சௌந்தரவல்லி டீச்சர் பாதியாகிப் போயிருந்தாள். விளிம்பில் ஒடுங்கிப் படுத்து, நடுவில் யாரோ கடந்து போக இடம் விட்டு வைத்திருந்தாள். மிஷினை வாங்கி, அது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல், தானே காதில் பொருத்திக்கொண்டாள். அது ஒருதரம் கத்திவிட்டு அடங்கியது. அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமா, இல்லையா, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கேட்டாள்.

“ஃபேனுக்கு எண்ணெய் விட்டாச்சா சார்?”

“இன்னும் இல்லை டீச்சர்” என்றார் அவர், சத்தமாக.